அப்பாவின் டிவிடிகளை லேப்டாப்பில் ஏற்றுவது: எடுப்பது ஒரு வேலை, சுருக்குவது வேறு வேலை

கேள்வி: அப்பா இருபது வருடமாகச் சேர்த்த தமிழ்ப் படங்கள், டிவிடியும் விசிடியுமாக நூற்றைம்பதுக்கு மேல் வீட்டில் இருக்கின்றன. எல்லாம் கடையில் வாங்கிய அசல். அவர் இப்போது சென்னையில் என்னோடும் கோவையில் அக்காவோடும் மாறி மாறி இருக்கிறார். ரயிலிலும் அக்கா வீட்டிலும் பார்க்க லேப்டாப்பில் ஏற்றித் தர நினைத்தேன். நண்பரின் பழைய கணினியில் தகட்டைப் போட்டு உள்ளே இருந்த கோப்புகளை அப்படியே காப்பி செய்தேன். சில படங்கள் நன்றாக ஓடுகின்றன, ஆனால் துண்டு துண்டாக இருக்கின்றன. சிலவற்றில் பச்சையும் ஊதாவுமாகக் கட்டங்கள் மட்டுமே வருகின்றன. விசிடிகள் பாதியில் பிழை காட்டி நின்றுவிடுகின்றன. தங்கையின் காதுகுத்தைக் கேமராவில் எடுத்த சின்ன டிவிடி ஒன்று காலி என்றே காட்டுகிறது. என்ன செய்யலாம்? என் லேப்டாப்பில் தகடு போடும் இடமே இல்லை.

பதில்:

பச்சைக் கட்டங்கள் தகட்டின் கோளாறு அல்ல. கடையில் விற்ற டிவிடிகள் பலவற்றில் படம் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். சாவியும் அதே தகட்டில்தான் இருக்கிறது, ஆனால் கோப்புகளுக்குள் இல்லை. ஒரு பகுதி தகட்டின் உள்வட்டத்தில், டிரைவ் மட்டும் எட்டிப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கிறது. இன்னொரு பகுதி, செக்டர் எனப்படும் சின்னத் தரவுத் துண்டுகளின் தலைப்பில் ஒளிந்திருக்கிறது. நீங்கள் கோப்பை இழுத்துப் போட்டபோது பூட்டிய பெட்டி மட்டும் வந்து சேர்ந்தது, சாவி தகட்டிலேயே தங்கிவிட்டது. நன்றாக ஓடுகிறவை பூட்டே போடாமல் வெளியிட்டவை. என்னிடம் இருந்த தமிழ்ப் படங்களிலும் அப்படிப்பட்டவை கணிசமாக உண்டு.

இந்தப் பூட்டின் பெயர் சிஎஸ்எஸ். வெறும் 40 பிட் சாவி. 1999 அக்டோபரில் இதைத் திறக்கும் சிறு நிரல் ஒன்று இணையத்தில் வெளிவந்தது. அதன் பின்னணியில் இருந்தவர்களில் ஒருவரான நார்வேயின் யான் லெக் யோஹான்சனுக்கு அப்போது வயது 15. அவர் மீது வழக்குப் போட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய தகட்டைத் திறந்து பார்க்க ஒருவருக்கு உரிமை உண்டு என்று சொல்லி 2003 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றம் விடுவித்தது. மேல்முறையீட்டிலும் அதே ஆண்டு டிசம்பரில் அதே தீர்ப்பு. இன்று விஎல்சி பிளேயரில் எந்த டிவிடியும் கேள்வி கேட்காமல் ஓடுகிறதென்றால், பூட்டைத் திறக்கும் நிரல் அதற்குள்ளேயே இருப்பதுதான் காரணம்.

துண்டு துண்டாக இருப்பதற்குக் காரணம் இன்னும் எளிது. டிவிடி விதிப்படி, படம் அடங்கிய விஓபி கோப்பு ஒன்று 1 ஜிபிக்கு மேல் போகக் கூடாது. அதனால் இரண்டரை மணி நேரப் படம் ஐந்தாறு கோப்புகளாக வெட்டப்பட்டிருக்கும். எந்தத் துண்டுக்குப் பின் எது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் பக்கத்தில் இருக்கும் ஐஎஃப்ஓ என்ற சின்னக் கோப்புகளில் இருக்கிறது. அவற்றைப் பலர் குப்பை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். நீங்களும் விட்டிருப்பீர்கள்.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்காக நியாயமான அளவில் ஒரு படைப்பைக் கையாள்வதை மீறலாகக் கருதுவதில்லை. அதற்காக மின்னணு முறையில் சேமித்துவைப்பதையும் அந்தப் பிரிவின் விளக்கம் ஏற்றுக்கொள்கிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காகத் திறப்பதை அது தடுக்கவில்லை. ஆக, அப்பா வாங்கிய தகட்டை அப்பா பார்ப்பதற்காக ஏற்றுவதில் தவறில்லை என்பதே என் வாசிப்பு. நான் வக்கீல் அல்ல. அமெரிக்காவில் இருந்து யாராவது இதைப் படித்தால் அங்கே கதை வேறு: 1998ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டைத் திறப்பதையே தனிக் குற்றமாக்கி வைத்திருக்கிறது. அக்காவின் அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பது எந்த நாட்டிலும் சொந்தப் பயன்பாடு ஆகாது.

இனி வேலைக்கு வருவோம். இதில் நான் செய்த ஒரு தவறை முதலில் சொல்ல வேண்டும். 2008 வாக்கில் என் தகடுகளில் அறுபதை உட்கார்ந்து ஏற்றினேன். ஒரு படம் 700 எம்பிக்குள் அடங்க வேண்டும், அப்போதுதான் ஒரு சிடியில் எழுதலாம் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. தகட்டிலிருந்து எடுக்கும்போதே நசுக்கி 700 எம்பியாக்கினேன். வேலை முடிந்த சந்தோஷத்தில் தகடுகளை ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டேன். இன்றைய லேப்டாப் திரையில் அந்தக் கோப்புகளைப் பார்த்தால் முகங்கள் மெழுகு பொம்மையாகத் தெரிகின்றன. இரவுக் காட்சிகளில் இருட்டு கட்டம் கட்டமாக நகர்கிறது. இப்போது நினைத்தாலும் மீட்க முடியாது.

அதனால் சொல்கிறேன்: தகட்டிலிருந்து எடுப்பது ஒரு வேலை, சுருக்குவது வேறு வேலை. இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் இறக்குங்கள். நூற்றைம்பதும் டிவிடியாகவே இருந்தாலும், சராசரி 6 ஜிபி என்று வைத்தால் 900 ஜிபி. ஆகவே 2 டிபி டிஸ்க் ஒன்று தாராளமாகப் போதும். பிறகு அப்பா பார்க்கப்போகும் இருபது முப்பது படங்களை மட்டும் சுருக்கி லேப்டாப்பில் வையுங்கள். பத்து வருடம் கழித்து இன்னும் நல்ல முறையில் சுருக்க வழி வந்தால் மூலம் கையில் இருக்கும்.

டிரைவுக்கு, யுஎஸ்பியில் செருகும் மெல்லிய டிவிடி ரைட்டர் போதும். இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். இவற்றுக்கு மின்சாரம் யுஎஸ்பி வழியாகவே வருகிறது. தகடு சுற்றத் தொடங்கிக் கடகடவென்று நின்றால் கேபிளையோ செருகும் இடத்தையோ மாற்றிப் பாருங்கள், டிரைவைத் திட்டாதீர்கள். அடுத்தது, ரீஜன் எண், அதாவது உலகின் எந்தப் பகுதியில் விற்க வெளியான தகடு என்ற குறி. இந்தியாவும் இலங்கையும் 5ஆம் ரீஜன், சிங்கப்பூர் 3, ஐரோப்பா 2, அமெரிக்கா 1. சித்தப்பா வெளிநாட்டில் இருந்து வாங்கிவந்த தகட்டைப் போட்டதும் ரீஜனை மாற்றவா என்று கணினி கேட்டால் அவசரப்பட்டு ஆமாம் சொல்லாதீர்கள். ஒரு டிரைவில் ஐந்து முறைதான் மாற்ற முடியும், கடைசியாக வைத்ததோடு அது நிலைத்துவிடும். வெளிநாட்டுத் தமிழர்களுக்காக வெளியான தமிழ்ப் படங்களில் எல்லா ரீஜனுக்கும் பொதுவானவை நிறைய உண்டு, அவற்றில் இந்தத் தொல்லை வராது.

டிவிடியை எடுக்க மேக்எம்கேவி என்ற மென்பொருளைச் சொல்வேன். டிவிடிக்கு இலவசம். படத்தையும் ஒலியையும் தொடாமல், துண்டுகளைச் சேர்த்து, பாட்டுக்குப் பாட்டு தாவும் அத்தியாயக் குறிகளோடு ஒரே எம்கேவி கோப்பாகத் தரும். 7 ஜிபி தகடு எட்டு மடங்கு வேக டிரைவில் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். தகட்டைப் போட்டதும் ஒரு பட்டியல் காட்டும். தமிழ்ப் படத் தகடுகளில் இந்தப் பட்டியல் நீளமாக இருக்கும்: ஆறு பாட்டுகள் தனித்தனியாக, விளம்பரம், வரவிருக்கும் படங்களின் முன்னோட்டம், எல்லாம் வரும். நீளம் அதிகமான ஒன்றை மட்டும் எடுங்கள், அதுதான் படம். பாட்டுகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. படம் தொடங்குமுன் தாண்ட முடியாமல் உட்கார வைக்கும் அறிவிப்புகள் இதோடு தொலையும். அப்பா மகிழ்வார்.

ஒரே தகட்டில் மூன்று படங்கள் என்று வருமே, அவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓர் அடுக்கு டிவிடி 4.7 ஜிபி. அதில் இரண்டரை மணி நேரப் படம் மூன்று என்றால், கணக்குப் போட்டால் நொடிக்குக் கிட்டத்தட்ட 1.4 மெகாபிட்தான் கிடைக்கிறது. விசிடியே அவ்வளவு கொடுக்கும்! தகடு தயாரித்தவர் ஏற்கனவே கரும்பைச் சக்கையாகப் பிழிந்துவிட்டார். நீங்கள் இன்னொரு முறை பிழிய வேண்டாம். அவற்றைச் சுருக்காமல் அப்படியே லேப்டாப்பில் வையுங்கள். 2007இல் மோசர்பேர் நிறுவனம் டிவிடி 34 ரூபாய், விசிடி 28 ரூபாய் என்று இறங்கியபோது எங்கள் வீட்டிலும் மளிகைச் சாமானோடு படமும் வந்தது. அப்பாவின் சேகரிப்பில் பாதி அந்தக் காலத்துடையதாக இருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

சுருக்குவதற்கு ஹேண்ட்பிரேக். இதுவும் இலவசம். பூட்டைத் திறக்கும் வேலையை இது செய்யாது, மேக்எம்கேவி தந்த கோப்பைக் கொடுத்தால் போதும். எச்.264 முறையைத் தேர்ந்தெடுத்து, தர எண்ணை 20 என்று வையுங்கள். டிவிடி அளவுப் படத்துக்கு 18 முதல் 22 வரை நல்லது. எண் குறையக் குறையத் தரமும் அளவும் கூடும். கோப்பு இத்தனை எம்பி இருக்க வேண்டும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். என்னைக் கெடுத்தது அதுதான். பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை ஜிபியில் வந்து நிற்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பிலிமின் புள்ளிகள் அதிகம் என்பதால் அவை எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வரும், பயப்பட வேண்டாம்.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது கோடுகள். ஆள் நடக்கும்போதும் கேமரா திரும்பும்போதும் விளிம்புகளில் சீப்பின் பற்கள் போல நீளக் கோடுகள் தெரிகின்றனவா? பழைய டிவி ஒரு படத்தை ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என இரண்டு தவணையாக வரைந்தது. தகட்டிலும் அப்படியே பதிந்திருக்கிறது. லேப்டாப் திரை எல்லாக் கோடுகளையும் ஒன்றாகக் காட்டுவதால் இரண்டு தவணையும் பொருந்தாமல் பல் இளிக்கிறது. ஹேண்ட்பிரேக்கில் டீகோம்ப் என்ற வசதியை இயக்கினால் கோடு உள்ள இடங்களை மட்டும் சரிசெய்யும். தகடு அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியில் (NTSC) இருந்தால் முதலில் டீடெலிசைன் என்பதைப் போட்டுப் பாருங்கள். சினிமா நொடிக்கு 24 படம், அந்த முறைக்கு ஏறத்தாழ 30 வேண்டும், நடுவில் நிரப்பியதை அது எடுத்துவிடும். எல்லாப் படத்துக்கும் ஒரே அமைப்பை வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை, முடிந்தால் நடனக் காட்சியாக, சுருக்கிப் பார்த்துவிட்டு முழுப் படத்துக்குப் போங்கள்.

இந்திய டிவி முறையான பால் (PAL) முறைத் தகடுகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. 24 படத்தை 25 ஆக ஓட்டுவதால் 160 நிமிடப் படம் ஆறு நிமிடத்துக்கு மேல் முன்னதாகவே முடிந்துவிடும். பாட்டின் சுருதியும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும். ரேடியோவில் கேட்டதற்கும் டிவிடிக்கும் ஏதோ வித்தியாசம் இருக்கிறது என்று அப்பா எப்போதாவது சொல்லியிருந்தால், அவர் காது பொய் சொல்லவில்லை.

ஒலியில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஆறு ஸ்பீக்கருக்கான ஒலியை லேப்டாப்பின் இரண்டு சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வரும், சண்டை வந்தால் பக்கத்து சீட்காரர் திரும்பிப் பார்ப்பார். தகட்டில் ஸ்டீரியோ ஒலியும் இருந்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் ஹேண்ட்பிரேக்கில் இரண்டாகக் கலந்துவிடுங்கள். சப்டைட்டில் எழுத்தாக அல்ல, சின்னச் சின்னப் படங்களாகவே டிவிடியில் இருக்கிறது. எம்கேவி அதை அப்படியே சுமக்கும், எம்பி4 சரியாகச் சுமக்காது. பேரப்பிள்ளைகளும் கூட உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றால் எம்கேவியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா வீட்டு டிவியில் செருகப் பென்டிரைவில் போடும்போது, இடம் இருந்தும் கோப்பு பெரிது என்று மறுத்தால் அது ஃபேட்32 முறையில் இருக்கிறது என்று பொருள். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள். மாற்றினால் உள்ளே இருப்பது அழியும், முதலில் எடுத்துவைத்துவிடுங்கள்.

விசிடிக்கு வருவோம். அதில் பூட்டு கிடையாது. எம்பெக்ஏவி என்ற கோப்புறைக்குள் டேட் என்று முடியும் பெரிய கோப்புதான் படம். விஎல்சியில் நேராக ஓடும். பாதியில் ஏன் நிற்கிறது? சாதாரண சிடியில் ஒவ்வொரு செக்டரிலும் 2,048 பைட் தரவு, கூடவே பிழை வந்தால் திருத்திக்கொள்ளக் கூடுதல் தரவு. விசிடி வகுத்தவர்கள் படத்துக்கு இடம் போதவில்லை என்று அந்தத் திருத்தத் தரவில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு 2,324 பைட் படத்தை நிரப்பினார்கள். பிளேயர் ஒரு கீறலில் அரை நொடி தடுமாறிவிட்டு மேலே போய்விடும். கணினியோ ஒரு பைட் தவறினாலும் முழுக் காப்பியையும் நிறுத்திவிடும். ஆகவே தகடு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். ஐசோபஸ்டர் போன்ற மீட்பு மென்பொருள், படிக்க முடியாத இடத்தை வெற்றாக விட்டுவிட்டு மீதியை எடுக்கும். அதில் சில வசதிகளுக்குக் காசு கேட்கும். விசிடியின் படம் 352க்கு 288 புள்ளிதான், அதைச் சுருக்கவும் வேண்டாம், பெரிதாக்கவும் வேண்டாம். ஒரு படத்தின் இரண்டு மூன்று தகடுகளையும் ஒரே கோப்புறையில் வரிசை எண்ணோடு வைத்தால் போதும். ஒட்டுகிறேன் என்று மெனக்கெட்டு ஒலி விலகிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எடுக்குமுன் தகட்டைத் துடைத்துக்கொள்ளுங்கள். பழைய பருத்தி வேட்டித் துணி, வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு. நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்து ஒரு கீறல் விழுந்தால், தரவு ஓடும் திசையிலேயே அது நீண்டு கிடக்கும், டிரைவால் தாண்ட முடியாது. படிக்கும் பக்கத்தைவிட அச்சிட்ட பக்கத்தைக் கவனியுங்கள். சிடியிலும் விசிடியிலும் தரவு அந்த அச்சுக்கு நேர் கீழே, ஒரு மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. அங்கே உரிந்தால் போனது போனதுதான். டிவிடியில் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் அந்தப் பயம் குறைவு. ஒரு டிரைவில் படிக்காதது இன்னொன்றில் படிக்கும், நண்பரின் பழைய கணினியைக் கைவிடாதீர்கள்.

கடைசியாக நீங்கள் கேட்ட காதுகுத்துத் தகடு. செய்வதில் இதுதான் முதலாவதாக இருக்க வேண்டும். சினிமா வேறெங்காவது கிடைக்கும், இது கிடைக்காது. கடைத் தகடு அச்சில் வார்த்தது. வீட்டில் எழுதிய தகட்டில் படம் ஒரு சாயத்தில் பதிந்திருக்கிறது. அந்தச் சாயம் வெயிலிலும் வெக்கையிலும் வெளுத்துக்கொண்டே போகும். என் அக்காவின் கல்யாணத் தகடு 2004இல் எழுதியது. பத்து வருடத்தில் என் லேப்டாப் அதைப் படிக்க மறுத்தது, ஒரு பழைய மேசைக்கணினி டிரைவ்தான் காப்பாற்றியது. அதிலும் ஊர்வலத்தில் நான்கு நிமிடம் போய்விட்டது. ஸ்டூடியோவில் எழுதித் தந்த கல்யாணத் தகடுகள் இருந்தால் அவற்றில் பூட்டு இருக்காது. முழுத் தகட்டையும் ஒரு ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து வையுங்கள். அடம்பிடிக்கும் தகடுக்கு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ இருக்கிறது. நல்ல பகுதியை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட இடத்துக்கு மறுபடி மறுபடி போய்ப் பார்க்கும். இரவு முழுக்க ஓடினாலும் விட்டுவிடுங்கள்.

கேமராவின் 8 சென்டிமீட்டர் தகடு காலி என்று காட்டினாலும் அது காலி அல்ல என்றே நினைக்கிறேன். படிக்கும் பக்கத்தை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள், எழுதிய வரை நிறம் மாறி ஒரு வளையம் தெரியும். எடுத்து முடித்ததும் கேமராவில் ஃபைனலைஸ் என்ற கட்டளையைக் கொடுக்க அன்று யாரோ மறந்திருக்கிறார்கள். காதுகுத்து வீட்டுப் பரபரப்பில் யாருக்கு நினைவிருக்கும்? பொருளடக்கம் எழுதாத புத்தகம் போல அது நிற்கிறது. இந்தத் தகட்டை எப்படிப் பயன்படுத்த விரும்புகிறீர்கள் என்று விண்டோஸ் ஒரு பெட்டி காட்டும். அதில் எதையும் அழுத்தாமல் மூடிவிடுங்கள். சரி என்று அழுத்தினால் மேலே எழுதிவிடக்கூடும். தகட்டை உறிஞ்சி இழுத்துக்கொள்ளும் வகை டிரைவில் சின்னத் தகட்டைப் போடவே கூடாது, உள்ளே மாட்டிக்கொள்ளும். தட்டு வெளியே வரும் வகையில், நடுவிலுள்ள சின்னப் பள்ளத்தில் வையுங்கள்.

சிறந்த வழி, எடுத்த அதே கேமராவில் போட்டு இப்போது ஃபைனலைஸ் செய்வது. கேமரா பெரும்பாலும் பீரோவின் மேல் தட்டில் இருக்கும், அதன் சார்ஜர்தான் இருக்காது. அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மேலே சொன்ன ஐசோபஸ்டர் இந்த வகைத் தகடையும் திறந்து காட்டும். அரை மணி நேரப் படம், 1.4 ஜிபி, அவ்வளவுதான். வந்ததும் ஒன்றை ஹார்ட் டிஸ்க்கிலும் இன்னொன்றைக் கோவையில் அக்காவிடமும் வையுங்கள்.